கலர் மேட்சிங்குக்கு வந்த எஞ்சின்

குழந்தைகள் டீ-ஷர்ட், நெஞ்சில் ரயில் பிரிண்ட்,
எழுபதாயிரம் பீஸ்.
இந்த நீலம்தான் வேண்டும் என்று
பையர் ஒரு பொம்மை எஞ்சினையே பார்சலில் அனுப்பியிருந்தார்.
லேப்-டிப் நாலு தடவை போய் நாலு தடவை திரும்பியது.
பிறகு ஆர்டரே திரும்பிப் போய்விட்டது.
எஞ்சினை யாரும் கேட்கவில்லை.
ஓவர்லாக் மெக்கானிக்கின் டிபன் பையில்
தயிர்சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அது பதினஞ்சு வேலம்பாளையம் வந்து சேர்ந்தது.

தண்டவாளம் தீபாவளி போனஸில் வாங்கினேன்.
வீட்டில் பாதி விலை சொன்னேன்.

ஆனி வரை நன்றாக ஓடியது.
ஆடிக்காற்றோடு கத்தலும் வந்தது.
கீழ்வீட்டு மயிலாத்தாளுக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட்,
தூக்கம் பகலில்.
படியேறி வந்து கதவை அரையாய்த் திறந்து சொன்னாள்:
"இருவது மெசினுக்கு நடுவால நிக்கறனுங்க,
அது எனக்குக் கேக்கறதே இல்லீங்க.
இதொண்ணு மட்டும் பல்லு கூசுதுங்க."
பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

முதலில் செய்தது தப்பு.
கைக்கு எட்டியது தையல்மெஷின் வெள்ளை எண்ணெய்.
கம்பெனிப் பழக்கத்தில் ஊற்றிவிட்டேன்.
இரண்டு நாள் ஊமையாக ஓடியது.
மூன்றாம் நாள் அந்த ஈரத்தில்
ஊரே வந்து ஒட்டிக்கொண்டது.
திருப்பூர்க் காற்றில் பாதிதான் காற்று.
மீதி பஞ்சு.
அச்சைச் சுற்றி மிளகளவு நூல்கண்டு,
சாம்பல் நிறம், உள்ளே ஓர் இழை சிவப்பு.
யாருடைய பனியனோ.
ஊசிமுனையால் சுற்றுச் சுற்றாக உரித்தேன்.

அரைக் கத்தல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை ஸ்பாஞ்சில் மல்லாக்கப் போட்டு
பல்லிலிருந்து மோட்டாரைப் பிரித்துத் தனியே ஓடவிட்டேன்.
ஸ்க்ரூடிரைவர் முனை மோட்டாரில், பிடி என் காதில்.
வண்டு மாதிரி ஒரே சீர். இவன் மேல் குற்றமில்லை.
திரும்பப் பூட்டினால்
டொக்.
டொக்.
டெய்லர் சாக்கால் சக்கரத்தில் ஒரு கோடு போட்டேன்.
கோடு உச்சிக்கு வரும்போதெல்லாம் டொக்.
பின்னச்சு. வெள்ளை நைலான் பல்சக்கரம்.
லென்ஸில் தெரிந்தது,
இரண்டு பல்லுக்கு நடுவே முடியளவு விரிசல்.

பசை நைலானைப் பிடிக்காது.
இந்தப் பல்லுக்கு மாற்று இந்த ஊரில் கிடைக்காது.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது புரிந்தது:
அச்சு பருமன், துளை சிறிசு,
தாங்க முடியாமல் வெடித்திருக்கிறது.
அப்படியானால் மெலிய வேண்டியது அச்சு.
எண்ணூறாம் நம்பர் எமரி.
இருபது தேய்ப்பு, போட்டுப் பார்.
இன்னும் பத்து.
இன்னும் நாலு, மெதுவாக.
விரிசல் வாய் மூடிக்கொண்டது.

டொக் இல்லை. ஆனால் ஓர் உறுமல்.
அது வண்டியே அல்ல, அடியில் பிளைவுட்.
ஆணி அடித்த பலகையை
நான்தான் மத்தளமாக்கி வைத்திருக்கிறேன்.
ஸ்டோரில் ரிஜெக்ட் ரிப் காலர் ஒரு மூட்டை கிடந்தது,
அதே ஆர்டர், கடைசிவரை ஒத்துவராத அதே நீலம்.
ஆணிகளைப் பிடுங்கி
தண்டவாளத்துக்கு அடியில் நெடுக விரித்தேன்.
எஞ்சினையும் காலரையும் பக்கத்தில் வைத்தால்
பையர் சொன்னது சரிதான், கொஞ்சம் வெளுப்பு.

எண்ணெய் இனி ஊசிமுனையில் நிற்கிற அளவு,
மாதம் ஒரு தடவை.
நூல் கம்பெனிக் காலண்டரில்
கேஸ் புக் பண்ணிய தேதிக்குக் கீழே குறித்திருக்கிறேன்.

நேற்று சாயந்தரம் மயிலாத்தாள்
ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் படியில் நின்று கேட்டாள்:
"அந்த வண்டிய வித்துப்போட்டீங்களா?"
காதோரம் முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.
"இல்லீங்க. ஓடுதுங்க. இப்பக்கூட."
அவள் மாடியைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
எனக்கே சந்தேகம் வந்து
மேலே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.